அழாமல் நடித்தவர்கள்

வாளையாற்றில் தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஆனைமலையைச் சுற்றிக்கொண்டு சின்னாறு, மறையூர், மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இடுக்கியின் கிழக்கு விளிம்பைத் தொட்டுச் செல்கின்ற எல்லைக்கோடு, 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆட்சியின் பொருட்டு நிலைபெற்றதேயன்றி, ஜனங்களின் கண்ணுக்கும் காதுக்கும் எல்லையாக அமைந்ததன்று. இந்தக் கோட்டின் ஓரத்தில் வாழ்கின்ற தமிழர்கள் ஒரு வாரம் சிவாஜி கணேசனின் படத்தையும் அடுத்த வாரம் பிரேம் நசீரின் படத்தையும் ஒரே கொட்டகையில், ஒரே மண் தரையில் அமர்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். தமிழ்ப் படத்துக்கும் மலையாளப் படத்துக்கும் வெவ்வேறு ரசனை வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே, எழுபதுகளின் திரைப்பட நடிகையரைப் பற்றி நியாயமான தீர்ப்பு ஒன்றை எழுதும் உரிமை யாருக்கேனும் விசேஷமாக உண்டு என்றால், அது இவ்விரு மொழிப் படங்களையும் அயலாரின் உதவியின்றிப் பார்க்கவல்ல எல்லைப்புறத்துத் தமிழருக்கே முதலில் உண்டு என்பது என் துணிபு. உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் இருக்கிறது. அந்தக் கடமையை நாம் இதுவரை நிறைவேற்றவில்லை.

கொல்லங்கோட்டுக்கு அருகே வடவனூரில் எம்.ஜி.ஆரின் குடும்ப வீடு நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. அது முறையான காரியமே. நாட்டை ஆண்ட ஒரு நடிகரின் வேர் இருந்த இடத்தை மக்கள் போற்றுவது இயல்பு. ஆனால் அதே மண்ணில், எழுபதுகளின் நடிகையர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சாரதா என்றால் 'துலாபார'த்தின் கண்ணீர் நினைவுக்கு வரும். ஷோபா என்றால் அவருடைய இளமரணம் நினைவுக்கு வரும். லட்சுமி என்றால் அவர் பின்னாளில் ஏற்ற தாய் வேடங்கள் நினைவுக்கு வரும். சுமித்ரா என்றால் யாருடனோ ஜோடியாக நடித்தவர் என்று சொல்வார்கள். நடிகரின் நினைவு அவருடைய செயலாலும் வசனத்தாலும் நிற்கின்றது; நடிகையின் நினைவோ பிறர் செயலால் அவருக்கு நேர்ந்த துன்பத்தைக் கொண்டு நிற்கின்றது. இந்த ஏற்றத்தாழ்வு நடிப்பின் தரத்தால் விளைந்ததன்று. பார்ப்பவரின் பழக்கத்தால் விளைந்தது. பழக்கத்தால் விளைந்த பிழையைப் பயிற்சியால் திருத்தலாம் என்ற நம்பிக்கையுடனேயே இதை எழுதுகின்றேன்.

நம் முன்னோர் மெய்ப்பாடுகளை, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வகுத்தபோது அழுகையை ஒன்றாகவும் இளிவரலை வேறொன்றாகவும் வைத்தார்கள். முதுமை, நோய், வருத்தம், எளிமை ஆகியவற்றால் ஒருவர் தாழ்வுறும்போது அவருடைய உள்ளத்தில் எழுவது இளிவரல். அது கண்ணீராக வடிய வேண்டும் என்ற நியதி இல்லை. அஞ்சாமையில் தோன்றும் பெருமிதமும் அந்த வரிசையிலேயே இருக்கின்றது. நம் சினிமாவோ பெண்ணுக்கு அழுகை ஒன்றையே பெரும்பாலும் ஒதுக்கிக் கொடுத்தது. அவள் எவ்வளவு அழுதாள் என்பதைக் கொண்டே அவள் எவ்வளவு நன்றாக நடித்தாள் என்று கணக்கிடப்பட்டது. கைக்குட்டை எத்தனை நனைந்தது என்பதே விமர்சனமாயிற்று. எழுபதுகளில் சில நடிகையர் இந்த ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தனர். அவமானத்தை அழாமல் தாங்குவது எப்படி இருக்கும் என்றும், அப்படித் தாங்குகின்ற முகத்தின் அடியில் பெருமிதம் எவ்வாறு மெல்லத் தலையெடுக்கும் என்றும் அவர்கள் காட்டினார்கள். வசனகர்த்தா எழுதிக் கொடுக்காத இந்த இடங்களில்தான் அவர்களுடைய கலை உச்சத்தைத் தொட்டது. நாம் கவனிக்கத் தவறியதும் இந்த இடங்களையே.

சாரதாவிலிருந்து தொடங்குவோம். ஆந்திரத்துத் தெனாலியில் பிறந்த இந்த நடிகை, 1968இல் மலையாளத்தில் வெளிவந்த 'துலாபார'த்துக்காகத் தேசிய விருது பெற்றார். அந்தக் கதை பின்னர்த் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டபோது நான்கு மொழியிலும் அந்தத் துன்பத்தை அவரே சுமந்தார். வறுமையின் கொடுமையால் பெற்ற குழந்தைகளைத் தன் கையாலேயே கொன்றுவிடுகின்ற தாயின் அலறல் அது. பார்த்தவர் யாரும் மறக்க இயலாதது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குப் பின் அடூர் கோபாலகிருஷ்ணன் தம் முதற்படமான 'சுயம்வர'த்தில் அவரிடம் கேட்டது முற்றிலும் வேறானது. வீட்டை விட்டு வெளியேறி, விரும்பியவனுடன் நகரத்துக்கு வருகின்ற சீதா என்ற பெண்ணின் பேருந்துப் பயணத்தோடு அந்தப் படம் தொடங்குகின்றது. நீண்ட நேரம் எவரும் பேசுவதில்லை. சன்னலோரத்தில் காற்றில் அசைகின்ற அந்த முகத்தில் புதுமணத்தின் நாணமும், செய்த காரியத்தின் அச்சமும், இன்னும் பெயர் பெறாத ஓர் உவகையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகின்றன. ஒன்றும் நிலைத்து நிற்பதில்லை. பிறகு நல்ல விடுதியிலிருந்து மட்டமான குடியிருப்புக்கு வாழ்க்கை படிப்படியாக இறங்குகின்றது. கணவனுக்கு வேலை போகின்றது. கிடைத்த மற்றொரு வேலையும் இன்னொருவனின் வயிற்றில் அடித்துக் கிடைத்ததாக அமைகின்றது. கடைசியில் அவனும் நோயில் விழுந்து இறந்துவிடுகின்றான். கைக்குழந்தையுடன் தனியே நிற்கின்ற சீதா, பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாமே என்ற அறிவுரையைக் கேட்டும் போவதில்லை. படத்தின் இறுதியில் தாழிட்ட கதவு அதிர, அவள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். பேருந்தின் சன்னலில் நாம் பார்த்த அதே முகம், இப்போது ஒரு துளிக் கண்ணீரும் இன்றி, வருவது எதுவாயினும் அதை எதிர்கொள்ள வேண்டியவள் தானே என்பதை அறிந்துகொண்ட முகமாக நிற்கின்றது. இதற்கும் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. என்றாலும் சாரதாவின் பெருமையைப் பேச வருகின்ற தமிழர் பத்துப் பேரில் ஒருவரேனும் இந்த முகத்தைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. 'துலாபார'த்தின் அலறலே அவருடைய ஏக அடையாளமாக நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு, 1973இல், எம்.டி. வாசுதேவன் நாயர் இயக்கிய 'நிர்மால்யம்' வெளிவந்தது. அதில் தேவியின் அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடாக நடித்த பி.ஜே. ஆண்டனிக்குத் தேசிய விருது கிடைத்தது. படமும் அவ்வாண்டின் சிறந்த இந்தியப் படமாயிற்று. தலையை வாளால் வெட்டிக்கொண்டு, தான் ஆயுள் முழுதும் தொழுத தேவியின் முகத்திலேயே குருதியை உமிழ்கின்ற அந்த உச்சக் காட்சியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துள்ளன. ஆனால் அந்த உமிழ்தலுக்குக் காரணமாக அமைந்த காட்சி அதற்குச் சற்று முன்பு, வீட்டுக்குள், இரண்டே பேருக்கு இடையில் நடக்கின்றது. திருவிழாவின் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்ற வெளிச்சப்பாடு, கடன் கொடுத்தவன் தன் மனைவியின் அறையிலிருந்து வெளியேறுவதைப் பார்த்துவிடுகின்றான். அந்த மனைவி நாராயணியாகக் கவியூர் பொன்னம்மா நடித்தார். அவர் காலில் விழுவதில்லை. மார்பில் அடித்துக்கொள்வதும் இல்லை. இத்தனை நாளும் இந்த அடுப்பு எதனால் எரிந்தது, இந்தப் பிள்ளைகள் எதைத் தின்று உயிரோடிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீரா என்னும் கேள்வியே அவருடைய நிற்றலாக அமைகின்றது. குற்றம் செய்தவளின் தோற்றம் அங்கே இல்லை. கணக்குக் கேட்பவளின் தோற்றம் இருக்கின்றது. அப்போது பொன்னம்மாவுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. 1965இல் 'தொம்மன்டெ மக்க'ளில் தம்மைவிட வயதில் மிக மூத்த சத்யனுக்கும் மதுவுக்கும் தாயாக நடித்தது முதல் அவருக்குத் தாய் வேடமே விதிக்கப்பட்டது. 2024இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளும் பெரும்பாலும் அவரை மலையாளத் திரையின் அன்னை என்றே வாழ்த்தின. வாழ்த்து உண்மையானதே; ஆயினும் அந்த ஒரு வாழ்த்துக்குள் நாராயணியை அடைத்துவிட முடியாது.

அதே படத்தில் வெளிச்சப்பாட்டின் மகள் அம்மிணியாக நடித்தவர் சுமித்ரா. பின்னர்த் தமிழுக்கு வந்து, 1977இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'புவனா ஒரு கேள்விக்குறி'யில் பெயர்ப்பாத்திரமான புவனாவை ஏற்றார். மகரிஷியின் நாவலை ஆதாரமாகக் கொண்ட இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் அனைவரும், நல்லவராகவே நடித்துவந்த சிவகுமார் வஞ்சகனாகவும், வில்லனாகவே நடித்துவந்த ரஜினிகாந்த் உத்தமனாகவும் இடம் மாறிக்கொண்ட புதுமையையே வியந்து பேசுகின்றனர். படத்தின் பெயர் யாருடையது என்பது எவ்வாறோ மறந்துபோயிற்று. ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற புவனாவுக்கு ஒருவன் தன் வீட்டில் இடம் கொடுக்கின்றான். ஊராருக்கு இருவரும் தம்பதியர். வீட்டுக்குள்ளோ இடையில் ஒரு சுவர் நிற்கின்றது. அன்பு வளர்ந்தும் வாய்விட்டுச் சொல்லாத அந்த ஆண்டுகளைச் சுமித்ரா எவ்விதம் நடித்தார் என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சாப்பாடு பரிமாறுகின்ற கையில் நன்றி இருக்கின்றது. அந்த நன்றி எப்போது அன்பாக மாறிற்று என்பதை ஒரு காட்சியைச் சுட்டிச் சொல்ல முடியாதபடி அது மாறியிருக்கின்றது. கடைசியில் அவன் இறந்தபின், ஒருநாளும் மனைவியாக வாழாத அவள் அவனுடைய விதவையாக வாழ முடிவு செய்கின்றாள். இதைத் தியாகம் என்று கதை சொல்கின்றது. ஆனால் சுமித்ராவின் முகம் தியாகத்தைச் சொல்லவில்லை. யாருடைய மனைவி என்று தீர்மானிக்கின்ற உரிமை முதல் தடவையாகத் தன் கைக்கு வந்ததைச் சொல்கின்றது.

இனி, நம் எல்லைப்புறத்தோடு நேரடித் தொடர்புடைய ஒரு சந்தர்ப்பத்துக்கு வருவோம். பாலக்காட்டில் 1931இல் பிறந்தவர் இயக்குநர் கே.எஸ். சேதுமாதவன், பின்னாளில் 'மறுபக்கம்' என்ற தமிழ்ப் படத்தின் வாயிலாக, தமிழுக்கு முதன்முதலாகச் சிறந்த இந்தியப் படத்துக்கான தங்கத் தாமரையைப் பெற்றுத் தந்தவர். அவர் 1969இல் மலையாளத்தில் எடுத்த 'அடிமக'ளை, 1978இல் கே. பாலசந்தர் 'நிழல் நிஜமாகிறது' என்று தமிழில் எடுத்தார். வீட்டு வேலைக்கு வருகின்ற ஓர் ஏழைப் பெண். அவளைக் கருவுறச் செய்துவிட்டுத் தன் கௌரவத்தைக் காத்துக்கொள்கின்ற வீட்டுக்காரன். அவளுக்குத் துணையாக நிற்கின்ற காது கேளாத ஒரு வேலைக்காரன் - கதையின் ஆதாரம் இவ்வளவே. மலையாளத்தில் அந்தப் பெண்ணாகச் சாரதா நடித்தார். தமிழில் பதினைந்து வயது நிரம்பிய ஷோபா, திலகம் என்ற பெயரில் நடித்தார். வீட்டுக்காரனின் தங்கையாக, ஆண்களையே வெறுக்கின்ற இந்துமதியாகச் சுமித்ரா நடித்தார்.

ஒரே பாத்திரத்தை இரு பெரும் நடிகையர் இரு மொழியில் நடித்திருக்கையில், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடுகின்ற வாய்ப்பு எல்லைப்புறத்தாருக்கு இயல்பாகவே அமைந்தது. சாரதாவிடம் துன்பம் முதலிலிருந்தே நிழலாக உடன் வருகின்றது. அவர் சிரிக்கும்போதும் அந்தச் சிரிப்பு நெடுநாள் நீடிக்காது என்று நாம் அஞ்சுகின்றோம். ஷோபாவிடம் அந்த அச்சம் நமக்குத் தோன்றுவதே இல்லை. அவருடைய திலகம் உலகத்தை வியந்து வியந்து பார்க்கின்றவள், கேட்டதை நம்புகின்றவள். ஆகவே அவள் ஏமாற்றப்படும்போது அவளோடு நாமும் ஏமாறுகின்றோம். பின்னர், குற்றம் செய்தவன் மனம் மாறி அவளை ஏற்க முன்வருகின்ற வேளையில் அவள் அவனை ஏற்பதில்லை. தன்னைத் தாங்கிய அந்தக் காது கேளாதவனையே தேர்ந்துகொள்கின்றாள். அதே வியப்புக் கண்கள் அந்த இடத்தில் ஒரு கணத்தில் முதிர்ந்துவிடுகின்றன. குரலை உயர்த்தாமல், தலையைக்கூட நிமிர்த்தாமல், ஒரு சிறுமி பெண்ணாகின்ற நிகழ்ச்சியைத் தமிழ்த்திரை இதற்கு நிகராகக் காட்டிய சந்தர்ப்பங்கள் வெகு சில.

அதே 1978இல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' வந்தது. மலையிலுள்ள மின்நிலையத்தில் விஞ்ச் என்னும் இழுவைப்பெட்டியை இயக்குபவனான காளியின் கதை அது. 1940இலேயே நீர்மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிய பள்ளிவாசலின் அண்டையில் வாழ்பவர்களுக்கு, அந்த வேலையும் அந்த மேலதிகாரிகளும் அந்த மலைப்பாதையும் அந்நியமானவை அல்ல. ரஜினிகாந்தின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இன்றும் பலர் இருக்கின்றனர். ஆனால் இறுதிக் காட்சியில், தன் திருமணத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் தங்கை வள்ளி வழியில் நிற்கின்ற அண்ணனைக் கண்டு திரும்பி ஓடி வந்து அவனைப் பற்றிக்கொள்ளும்போது, அந்தக் காட்சியின் பாரம் முழுவதையும் பேச்சில்லாமல் தாங்குபவர் ஷோபா. அந்த ஓட்டத்தில் உண்மை இல்லாதிருந்தால் காளியின் கர்வம் மிகுந்த பேச்சு வெறும் வீம்பாக முடிந்திருக்கும். காளியின் மனைவி மங்காவாக நடித்த ஜெயலட்சுமியை - 'ஃபடாஃபட்' என்ற அடைமொழியோடு அறியப்பட்டவர் - மேலும் குறைவாகவே நினைவுகூர்கின்றோம். ருசியாகச் சாப்பிடுவதில் ஒரு பெண்ணுக்கு உள்ள ஆசையை வெட்கமின்றி, அழகாக, உடல் முழுவதும் மலரக் காட்டிய நடிகை அவர். வாணி ஜெயராம் பாடிய சோற்றுப் பாட்டில் உண்பதும் அன்பு செய்வதும் அவருக்கு ஒன்றாகின்றன. நம் திரைப்படங்களில் பெண்கள் பரிமாறுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கின்றோம். ஒரு பெண் பசியோடும் விருப்பத்தோடும் இருப்பதைப் பார்த்தது அரிது. அதனாலேயே அந்த நடிப்பு ஓர் எளிய புரட்சியாகும்.

ஷோபாவும் ஜெயலட்சுமியும் 1980ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். ஷோபாவுக்கு அப்போது பதினெட்டு வயதும் நிரம்பவில்லை. துரை இயக்கிய 'பசி'யில் சென்னைச் சேரியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கின்ற குப்பம்மாவாக நடித்து, 1979ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை அவர் பெற்றிருந்தார். இவ்விருவருடைய மரணத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். நடிப்பைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம். இது பெரும் அநீதி. ஒரு கலைஞரின் மரணத்தைத் துருவிக் கேட்பதில் நாம் காட்டுகின்ற ஆவலில் நூறில் ஒரு பங்கை அவர் விட்டுச்சென்ற வேலையைப் பார்ப்பதில் காட்டியிருந்தால், குப்பம்மாவின் நடையையும், தலைமுடியைச் சொறிந்துகொண்டு பேசுகின்ற அந்த அலட்சியத்தையும், நம்பியவன் மணமானவன் என்று தெரிந்தபின் அந்த அலட்சியம் மௌனமாக மாறுவதையும் இன்று ஒவ்வொரு நடிப்புப் பள்ளியிலும் பாடமாக வைத்திருப்போம்.

லட்சுமிக்கு 1976ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஓரளவு நினைவில் நிற்கின்றது. கதையை எழுதிய ஜெயகாந்தனின் பெயர் அதைக் காப்பாற்றியது. கேரளத்தில் சேதுமாதவனின் 'சட்டக்காரி' நினைவில் நிற்கின்றது. ஆனால் 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'திக்கற்ற பார்வதி'யைப் பார்த்தவர் இன்று எத்தனை பேர்? ராஜாஜியின் கதை அது. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்ட பின்னர், குடிக்கு அடிமையாகின்ற வண்டிக்காரனின் குடும்பம் எவ்வாறு கடனிலும் அவமானத்திலும் மூழ்குகின்றது என்பதை அப்படம் காட்டிற்று. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக் கள்ளுத் தோப்புகளுக்கு இடையில் வாழ்கின்ற பெண்களுக்கு அந்தப் பார்வதியை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. மாலையில் வண்டியின் ஓசை கேட்கும்போது, வருகின்றவன் நிதானத்தோடு வருகின்றானா என்று மனைவி காது கொடுத்துக் கேட்கின்ற அந்தக் கவனத்தை லட்சுமி தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டிருக்கின்றார். அப்போது அவர் வணிகப் படங்களில் துடுக்கும் மிடுக்கும் நிறைந்த நாயகியாக உலவிக்கொண்டிருந்தவர். அந்த மிடுக்கு முழுவதையும் கழற்றி வைத்துவிட்டு, கடன் வசூலிக்க வருகின்றவனின் பார்வைக்குத் தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கின்ற ஓர் ஏழைப் பெண்ணாக அவர் நின்ற நிலையே இளிவரலுக்கு இலக்கணம்.

நாயகியர் அல்லாதவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். '16 வயதினிலே'யில் மயிலின் தாய் குருவம்மாளாக நடித்த காந்திமதி, ஊர்ப்பேச்சின் ஏற்ற இறக்கங்களைத் திரைக்குக் கொண்டுவந்ததோடு, மகளைக் காக்க அந்த வாயையே வேலியாக வைத்துக்கொண்ட ஒருத்தியின் தனிமையையும் காட்டினார். 'அவர்கள்' படத்தில் மகன் கைவிட்ட மருமகளைத் தேடி வந்து துணையாகின்ற மாமியாராக நடித்த லீலாவதி, மாமியார் என்ற பாத்திரத்துக்கு நம் திரை அளித்திருந்த கொடுமை முத்திரையை அமைதியாக அழித்தார். 'உதிரிப்பூக்க'ளில் அசுவினி, நோயுற்ற தன்னை வைத்துக்கொண்டே தங்கையை இரண்டாந்தாரமாகக் கேட்கின்ற கணவனின் வீட்டில், குழந்தைகளுக்காக மட்டும் மூச்சு விடுகின்ற லட்சுமியாக வாழ்ந்தார். ஸ்ரீவித்யாவை 'அபூர்வ ராகங்க'ளின் பைரவியாக அறிந்த தமிழர், 1979இல் அவருக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத் தந்த 'இடவழியிலே பூச்ச மிண்டாப் பூச்ச'வையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இவர்கள் எல்லோரையும்விட மறக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. கேரளத்திலிருந்து வந்த ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை'யில் ஊமைப் பெண் உமாவாக நடித்த சுவாதி. பேராசிரியர் ஒருவர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுவந்த கழுதைக் குட்டியைப் பராமரிக்கின்ற வேலை அவளுடையது. அவளுக்கு இறந்து பிறந்த சிசு கோயிலருகே கிடக்க, பழி கழுதையின் மேல் விழுகின்றது. கழுதையை அடித்துக் கொல்கின்றார்கள். படத்தின் அறம் முழுவதும் வாய் பேசாத இரு ஜீவன்களின் மேல் நிற்கின்றது. அந்தப் படத்தைப் பற்றிய சர்ச்சை எவ்வளவோ நடந்தது. தேசிய விருது பெற்ற தமிழ்ப் படம் என்ற போதிலும் அது திரையிடப்படுவதற்கே எதிர்ப்பு எழுந்தது. இயக்குநரின் துணிவைப் பேசினோம், சாதியைப் பேசினோம், குறியீட்டைப் பேசினோம். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அந்தக் குறியீட்டுக்கு இரத்தமும் தசையும் கொடுத்த பெண்ணைப் பற்றி எவரும் பேசவில்லை.

இவர்களுள் பலர் தேசிய விருதும் மாநில விருதும் பெற்றவர்களாயிற்றே, இவர்களை எப்படிப் புறக்கணிக்கப்பட்டவர்கள் என்று சொல்லலாம் என்று கேட்பவர்கள் உண்டு. விருது ஒரு நாளின் காரியம். பார்த்தல் தலைமுறைகளின் காரியம். நாட்டின் தலைநகரில் பதக்கம் சூட்டிவிட்டுப் படச்சுருளைப் பெட்டியில் பூட்டிவிட்டால் அந்த நடிப்பு கௌரவிக்கப்பட்டதாகாது. இதைவிட வலுவான ஆட்சேபம் இன்னொன்று உண்டு. இந்தப் படங்களில் பல, பெண்ணின் கற்பையும் தியாகத்தையும் பற்றிய பழைய கருத்துகளிலேயே முடிகின்றன. தாலியின் பெயராலோ விதவைக் கோலத்தின் பெயராலோ பெண்ணைக் கட்டிப்போடுகின்ற கதைகளை இன்று எதற்காகப் போற்ற வேண்டும் என்பது அது. இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் அதற்கான விடை நடிப்புக்குள்ளேயே இருக்கின்றது. கதை எந்த முடிவைக் கட்டாயப்படுத்தினாலும், அந்த முடிவுக்கு வருகின்ற வழியில் பாத்திரத்தின் உள்ளத்தில் எழுகின்ற எதிர்ப்பை அந்த நடிகையர் ஒளித்துவைக்கவில்லை. கதையின் நீதியும் முகத்தின் நீதியும் முரண்படுகின்ற அந்த இடத்தில்தான் அக்காலத்துப் பெண்ணின் உண்மையான சரித்திரம் பதிவாகியிருக்கின்றது. முற்போக்கான முடிவு வேண்டும் என்பதற்காக அந்தப் பதிவைப் புறக்கணிப்போமாயின், எழுதியவர்களின் பிழைக்கு நடித்தவர்களைத் தண்டித்தவர்கள் ஆவோம்.

புறக்கணிப்புக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. அக்காலத்து விமர்சனங்களில் கதைக்கும் இயக்கத்துக்கும் நாயகனுக்கும் பத்திகள் ஒதுக்கப்பட்டன. நாயகிக்கு ஒரு வரி எஞ்சியது. கறுப்பு வெள்ளைப் படங்களைத் தொலைக்காட்சிகள் ஒதுக்கியபோது, எழுபதுகளின் முற்பகுதியே பார்வையிலிருந்து மறைந்தது. இன்று கைப்பேசியில் துண்டு துண்டாகப் படம் பார்க்கின்ற பழக்கத்தில், வசனமும் சண்டையும் பாட்டும் துண்டாக நிற்கும். மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் துண்டாக நிற்காது. தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கிள்ளத் தெரிந்த விரல்களைப் போல, தேவையானதை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிடுகின்ற சிக்கனமே இந்த நடிகையரின் சாமர்த்தியம். முழுப் படத்தையும் பொறுமையோடு பார்ப்பவருக்கே அந்தச் சிக்கனம் புலப்படும்.

இந்தக் கவனக்குறைவு திரையோடு நிற்பதன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகின்ற பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனசுக்காகவும் கூலிக்காகவும் எந்தத் தொழிற்சங்கத்தின் தலைமையையும் ஏற்காமல் நடுச்சாலையில் வந்து அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. லயங்கள் என்னும் தோட்டக் குடியிருப்புகளுக்குள் மூன்று நான்கு தலைமுறையாகக் குரலின்றி வாழ்ந்த இவர்களுக்கு இவ்வளவு தெளிவாகப் பேச வருமா என்று பலரும் வியந்தனர். அந்த வியப்பே நம்முடைய பார்வையின் குறையைக் காட்டிற்று. பேசாதவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று நாம் எண்ணியிருந்தோம். நாராயணியின் நிற்றலையும், சீதாவின் விழியையும், திலகத்தின் மறுப்பையும் கவனித்துப் பார்க்கப் பழகியிருந்தால், தாழ்வுறுத்தப்பட்டவளின் மௌனத்துக்குள் பெருமிதம் எவ்வளவு காலம் உயிரோடு காத்திருக்கும் என்பதை நாம் முன்பே அறிந்திருப்போம். நடிப்பைக் கவனிக்கின்ற பயிற்சி பொழுதுபோக்கோடு முடிவதன்று. மனிதரைக் கவனிக்கின்ற பயிற்சியும் அதுவே.

ஆகவே செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலைகள் இருக்கின்றன. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. திரைப்படச் சங்கங்களின் மரபும் இம்மாநிலத்துக்கு உண்டு - 'சுயம்வர'மே அப்படிப்பட்ட ஒரு சங்கத்திலிருந்து பிறந்த கூட்டுறவு அமைப்பு தயாரித்த படம். இந்த வாசகசாலைகளும் பள்ளிகளும் மாதத்துக்கு ஒரு மாலை எழுபதுகளின் படம் ஒன்றைத் திரையிடட்டும். ஒரு மாதம் 'அடிமக'ளையும் மறு மாதம் 'நிழல் நிஜமாகிற'தையும் காட்டட்டும். படம் முடிந்தபின் நாயகனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நடிகையைப் பற்றிப் பேசுவது என்ற ஒழுங்கை வைத்துக்கொள்ளட்டும். கேரளச் சலச்சித்திர அகாதமியும் தமிழக அரசும் சேர்ந்து, இரு மொழியிலும் நடித்த இவர்களுடைய படங்களுக்கு நல்ல பிரதிகளைத் தயாரித்து, தமிழுக்கு மலையாள வசன வரிகளையும் மலையாளத்துக்குத் தமிழ் வசன வரிகளையும் சேர்த்து வெளியிட வேண்டும். புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் சேகரித்து வைத்திருக்கின்ற செல்வம் ஆய்வாளருக்கு மட்டும் உரியதாக இருந்துவிடக் கூடாது. அக்காலத்து நடிகையருள் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைப் பேட்டி காண்பவர்கள், உடன் நடித்த நாயகர்களைப் பற்றிய சுவையான சம்பவங்களைக் கேட்பதை விட்டு, அந்தக் காட்சியில் ஏன் அழவில்லை, அந்த இடத்தில் ஏன் திரும்பிப் பார்த்தீர்கள் என்று அவர்களுடைய தொழிலைப் பற்றிக் கேட்க வேண்டும். நாம் கேட்கத் தவறியதால் எத்தனையோ பேரிடமிருந்து அந்த விடைகள் கிடைக்காமலே போயின. எஞ்சியவர்களிடம் இந்த ஆண்டே கேட்டு எழுதி வைப்பது, இரு மொழியும் தெரிந்த எல்லைப்புறத்துத் தமிழர் எளிதாகச் செய்யக்கூடிய, செய்தே தீரவேண்டிய பணி.